பேசாமல் பெண் பார்த்த அமாவாசை

நான் பேசுகிறவன்தான். ஒத்துக்கொள்கிறேன். அதற்கென்ன இப்போது? மாட்டுத் தரகன் பேசாவிட்டால் மாடா பேசும்? கறம்பக்குடிச் சந்தையில் இந்தக் கண்ணுசாமி தொண்டையைச் செருமினால் நாலு பேர் கூடுவார்கள், வாயைத் திறந்தால் நாற்பது பேர். நான் சொல்லச் சொல்ல, பல் விழுந்த மாடுகூட வாங்குகிறவன் கண்ணுக்குக் கன்றுக்குட்டியாகத் தெரியும். பொய் சொன்னதில்லை. கேட்டால் சொல்வேன், கேட்காததைச் சொல்ல மாட்டேன். இதற்கும் மறைப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு என்று இருபது வருஷமாகச் சந்தையில் சாதித்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரி அழகம்மாள் மட்டும் இன்றுவரை அதை ஒத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், செவந்தி. பத்தொன்பது வயது. எட்டாவது வரை படித்தவள். அவள் வைக்கிற மீன் குழம்புக்கு நாலு தெரு தள்ளியிருந்து ஆள் வரும். ஆனால் வாய் திக்கும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றுகொண்டு, வெளியே வர மாட்டேன் என்று அடம் பிடிக்கும். எனக்கோ பொறுமை கிடையாது. அவள் 'த' என்று ஆரம்பித்ததும் நான் 'தண்ணியா?' என்பேன். அவள் பேசாமல் போய்த் தயிர்ப் பானையை எடுத்துக்கொள்வாள்.

போன வருஷம் கீரமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவளை யாரும் ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று நானே பேசினேன். இரண்டு மணி நேரம் மூச்சு விடவில்லை. பேச்சு வேகத்தில், "பல்லு வரிசை பாத்துக்கங்க, சுழி சுத்தம், எந்த வேலையில பூட்டினாலும் மொரண்டு பண்ணாது" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அடுத்த வாரம் கோயிலில் மாப்பிள்ளையின் தாயார் இவளைப் பார்த்து, எத்தனாவது படித்தாய் என்று கேட்டிருக்கிறாள். இவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்தம்மாள் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, பிராகாரமும் சுற்றி வந்துவிட்டாளாம். மறுநாளே ஆள் வந்தது. "மாட்டுத் தரகன் பழுதை மறைச்சு நம்ம தலையில கட்டப் பாத்தான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பேச்சு சந்தை முழுக்கப் பரவியது. செவந்தி அதன் பிறகு மூன்று மாதம் வீட்டில்கூட வாயைத் திறக்கவில்லை. பெற்ற வயிறு எப்படி எரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நயா பைசா வந்த மறுவருஷம் அது. தை அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது வெள்ளைச்சாமி வந்தார். நான் மாட்டுக்குத் தரகன் என்றால் அவர் கல்யாணத்துக்குத் தரகர்.

"திருவரங்குளத்துல ஒரு எடம் இருக்கு. ஆத்மநாதன்னு பேரு. நெலம் பொலம் உள்ள குடும்பம். சம்சாரம் தவறிப் போயிட்டாங்க. பையன் நல்லதம்பி சொசைட்டியில வேலை பாக்குறான். ஒரே ஒரு விசயந்தான்" என்று இழுத்தார்.

"என்ன, குடியா?"

"அய்யய்யோ, பேச்சுத்தான் இல்ல. பெரியவரு மாசா மாசம் அமாவாசைக்கு மௌன மடத்துக்குப் போயி உக்காந்துக்குவாரு. பொழுது கெளம்புனதுல இருந்து வெளக்கு வைக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை கெடையாது. இந்த அமாவாசைக்கு நீங்களும் குடும்பத்தோட வந்து ஒருநாள் கூட இருங்க, வெளக்கு வச்சப்புறம் பேசிக்கலாம்ங்கிறாரு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெண் பார்க்கிற நாளில் யாருமே பேசக் கூடாதாம்! இதைவிட என்ன வேண்டும்? நாள் முழுக்கப் பெண்ணைக் கண் குளிரப் பார்த்துக்கொள்ளட்டும். விளக்கு வைத்த மறுநிமிஷம் நான் முந்திக்கொண்டு நாலு வார்த்தை பேசி, வெற்றிலைபாக்குத் தட்டை ஆத்மநாதன் கையில் கொடுத்துவிட்டால் முடிந்தது. தட்டை வாங்கிய பிறகு பின்வாங்குகிற ஆள் எங்கள் சீமையில் கிடையாது. அன்று ராத்திரியே புதுத் தட்டு ஒன்றைப் புளி போட்டு விளக்கி வைத்தேன்.

"அவருகிட்ட மொதல்லயே சொல்லிருவோம்ங்க. தெரிஞ்சே கட்டட்டும்" என்றாள் அழகம்மாள்.

"கேட்டாச் சொல்லுவோம்."

"நீங்கதான் யாரையும் கேக்கவே விட மாட்டீங்களே! அது கெடக்கட்டும். அவ பேசாம இருந்துருவா. நீங்க ஒருநாள் முழுக்க இருந்துருவீங்களா?"

"என்னைய என்னன்னு நெனச்ச?"

"ஒறக்கத்துலயே மாடு விக்கிற ஆளு நீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். செவந்தி அம்மிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் மூன்று பேரும் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். திருவரங்குளத்துக்கு வடக்கே முந்திரித் தோப்புக்கு நடுவில் மடம். ஒரு ஓட்டுக் கூடம், ஒரு கிணறு, ஒரு மாட்டுக் கொட்டில், அவ்வளவுதான். மடத்துச் சாமி தபாலாபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷம் ஊராருக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தும் படித்துக் காட்டியும் அலுத்துப்போய், போதுமடா சாமி என்று இங்கே வந்தவராம்.

"நாளைக்குப் பொழுது கெளம்பச் சங்கு ஊதும். அப்புறம் பேசக் கூடாது, எழுதக் கூடாது, சாடை காட்டக் கூடாது. வேலை செய்யலாம்" என்றார் சாமி.

"தும்மலாமா சாமி?" என்று கேட்டேன்.

"தும்மலாம்."

"கொட்டாவி விட்டா?"

"விடலாம்."

"தூக்கத்துல உளறுனா என்ன கணக்கு?"

சாமி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சங்கை இப்பவே ஊதியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விடிந்தது. சங்கு ஊதியது. கூடத்தில் இருபது பேர் இருப்போம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆத்மநாதன் ஒல்லியாக, உயரமாக, நட்டு வைத்த மூங்கில் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. இது என்ன பெரிய வித்தை என்றுகூட நினைத்தேன். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. வாய்க்குள் வார்த்தை ஊறுகிறது. விழுங்கினால் நெஞ்சில் நிற்கிறது. ஓட்டில் ஒரு ஓணான் ஓடியது. "ஓணான்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல முடியாமல் ஒரு மனுஷன் என்ன பாடு படுவான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எதிர் வரிசையில் மாப்பிள்ளைப் பையன் நல்லதம்பி கொட்டாவி விட்டான். நான் என்னையறியாமல் எட்டிப் பார்த்துப் பல்லை எண்ணிவிட்டேன். குறை ஒன்றும் இல்லை. காதுக்குப் பின்னால் சுழி பார்க்கலாம் என்று சாய்ந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து அழகம்மாளின் பார்வை வந்து சுட்டது. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

கஞ்சி குடித்தபிறகு எல்லாருக்கும் வேலை. பெண்கள் அரிசியில் கல் பொறுக்கினார்கள். அங்கேதான் என் மகளைப் பார்த்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் தலையைக் குனிந்துகொள்கிற பெண், அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதி. அந்தக் கூடத்தில் அவளைவிட ஒரு வார்த்தை அதிகமாகப் பேசுகிறவர் யாருமில்லை. பக்கத்துக் கிழவி முறத்தைப் புடைத்ததில் கல்லும் அரிசியும் சேர்ந்து பறக்க, செவந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் மகள் இத்தனை லட்சணமா என்று எனக்கே ஆச்சரியமாகப் போயிற்று. இத்தனை வருஷமும் பார்ப்பதற்கு எனக்கு எங்கே நேரம் இருந்தது? நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே.

உச்சி வேளைக்குச் சற்று முன்னால் வாசலில் மணிச்சத்தம் கேட்டது. சேவுகன் ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நின்றான். அவனும் சந்தையில் தரகன்தான், நான் பேச்சில் கறந்தால் அவன் தந்திரத்தில் கறப்பான். மடத்தில் ஒற்றை மாடுதான் இருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலையை இழுக்க ஜோடி மாடு வேண்டும் என்று சாமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் படுபாவி அமாவாசையாகப் பார்த்து வந்திருக்கிறான்.

"சாமி, கும்புடுறேன். நீங்க சொன்ன மாடு இந்தா வந்துருச்சு. நாலு பல்லு. கவலையில கட்டுனா வாய்க்கா நெறைய தண்ணி வரும்" என்றான். சாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லிருங்க சாமி. ஒரே ஒரு வார்த்தை. இப்பவே ஓட்டிக்கிட்டுப் போயிர்றேன்." ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "இங்கிட்டு இருக்குற பெரியவங்க யாராச்சும் வேண்டாம்னு சொல்றீங்களா? இல்லையே? அப்பச் சம்மதம்தான்!" என்று சொல்லிக்கொண்டே மாட்டைக் கொட்டிலில் கட்டப் போனான்.

அந்த மாட்டை எனக்குத் தெரியும். கறம்பக்குடிச் சந்தைக்கு மூன்று முறை வந்து மூன்று முறையும் திரும்பிப் போன மாடு. பார்ப்பதற்கு ராசா மாதிரி இருக்கும். கழுத்தில் நுகத்தடி பட்டால் போதும், அப்படியே படுத்துக்கொள்ளும். அப்புறம் வாலைக் கடித்தாலும் எழுந்திருக்காது. இதைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். சொன்னால் மௌனம் போச்சு, ஆத்மநாதன் முன்னால் என் மானம் போச்சு, மகள் கல்யாணமும் போச்சு. சொல்லாவிட்டால் ஒரு சாமியார் மடத்தை என் கண் முன்னால் ஏமாற்றிவிட்டுப் போகிறான். வேலை செய்யலாம் என்று சாமி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எழுந்தேன். கிணற்றடியில் கிடந்த நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டின் கழுத்தில் வைத்தேன். வைத்ததுதான் தாமதம், மாடு முன்னங்காலை மடக்கியது, பின்னங்காலை மடக்கியது, பந்திக்கு உட்காருவது மாதிரி சாவகாசமாக உட்கார்ந்து அசைபோட ஆரம்பித்துவிட்டது. கூடத்தில் இருந்த இருபது பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாமிக்கு வயிறு குலுங்கியது. ஆத்மநாதன் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே ஓட்டைப் பார்த்தார். எனக்கு ஒரே பெருமை.

சேவுகன் முகம் கறுத்துவிட்டது. மாட்டை எழுப்பப் பார்த்தான், அது அசையவில்லை. கூடத்தைப் பார்த்தான். என் மகளுடைய புதுச் சேலையைப் பார்த்தான். எனக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிலைத் தட்டையும் பார்த்தான். அவனும் தரகன் இல்லையா? புரிந்துகொண்டான்.

"பெரிய யோக்கியன் மாதிரி எம் மாட்டோட குத்தத்தை எடுத்துக் காட்டுறியே கண்ணுசாமி, ஒன் வீட்டுக் குத்தத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்க? கீரமங்கலத்துக்காரங்க ஏன் பாதியில போனாங்க? ஒம் மகளுக்கு வாய் திக்கும்னு இந்தப் பெரியவர்கிட்டச் சொல்லிட்டியா? சொல்லலையில்ல? பேசாத எடமாப் பாத்துக் கூட்டியாந்துருக்க! நானும் நீயும் ஒரே சோலிக்குத்தான் இங்க வந்துருக்கோம்!"

என் வாய் திறந்துவிட்டது. சத்தியமாகத் திறந்துவிட்டது. அப்போது பெண்கள் பக்கம் தவலை ஒன்று தடாலென்று உருண்டது. அழகம்மாள் வேலைதான். நான் தோள் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். சேவுகன் இன்னும் ஏதேதோ கத்தினான். இருபது பேர் பேசாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எவன்தான் எவ்வளவு நேரம் கத்துவான்? மாட்டுக்குப் பக்கத்திலேயே அரை மணி நேரம் குந்தியிருந்தான். அது தானாக எழுந்த பிறகு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

அந்த மத்தியானத்தை நான் மறக்க மாட்டேன். விளக்கு வைக்க இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. ஆத்மநாதன் பழையபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். முகத்தில் கோபமா, வெறுப்பா, ஒன்றும் தெரியவில்லை. செவந்தியின் தலை மறுபடி குனிந்திருந்தது. கிணற்றடியில் அவள் குடத்தோடு நின்றபோது நல்லதம்பி வந்து, ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் நாலு வாளி இறைத்து அவள் குடத்தை நிறைத்துவிட்டுப் போனான். அது இரக்கமா, விருப்பமா என்று யாரைக் கேட்பது?

நான் மனசுக்குள் பதில் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். சேவுகன் என் விரோதி, அவன் பேச்சை நம்பாதீர்கள் என்று ஒன்று. திக்கல் எல்லாம் போன ஆடியோடு சரியாகிவிட்டது என்று ஒன்று. திக்கிப் பேசுகிற பெண் வீட்டில் சண்டையே வராது, உங்களைப் போல அமைதி விரும்புகிறவருக்கு இவளைவிட்டால் யார் என்று இன்னொன்று. இப்படி ஏழு பதில் தயார். ஒவ்வொன்றும் கிழட்டு மாட்டைக் கன்றாக்குகிற பதில். ஆனால் ஒவ்வொரு பதில் முடிவிலும் சேவுகன் வந்து நின்றான். ஒரே சோலி என்றானே! இல்லை என்று சொல்ல என்னிடம் எட்டாவது பதில் இல்லை. துண்டு வாயிலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று.

பொழுது சாய்ந்தது. சாமி விளக்கை ஏற்றி மணியை அடித்தார். கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு ஏழு பதிலோடும் பாய்ந்து எழுந்தேன். அதற்குள் செவந்தி பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து வந்து ஆத்மநாதன் முன்னால் நின்றாள்.

"மா... மா..." என்றாள். நின்றுவிட்டது.

அந்த வார்த்தை என் நாக்கில் தயாராக இருந்தது. அது மட்டுமா, அதற்கடுத்த நூறு வார்த்தையும் இருந்தது. அழகம்மாள் எதிரில் நின்று என்னையே பார்த்தாள். இந்த முறை அவள் தவலையை உருட்டவில்லை. மணி அடித்தாயிற்று. யாரும் என்னைப் பேசாதே என்று சொல்ல முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தேன். காலையிலிருந்து இருந்ததெல்லாம் ஒரு மௌனமா? இதுதான் உயிரைப் பிடுங்கியது.

என் மகளுடைய திக்கலைச் சொல்லிக் காட்ட எனக்கு மனசில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்றும் சொல்ல மாட்டேன். சாமி அதற்குள் இன்னும் இரண்டு விளக்கு ஏற்றினார். ஆத்மநாதன் அவசரப்படுத்தவில்லை, வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவள் சொல்லி முடித்தது இதுதான்.

"மாமா, அந்த ஆளு சொன்னது நெசந்தான். எனக்கு வாய் திக்கும். எங்கப்பா பழுதை மறைச்சு வித்துட்டாருன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அதான் நானே சொல்றேன்."

ஆத்மநாதன் எழுந்து நின்றார்.

"எனக்கு மத்தியானமே தெரியும் தாயி. எந்திரிச்சுப் போறதா இருந்தா அப்பவே போயிருப்பேன். ஒங்க வீட்டுல யாரு வந்து சொல்லப் போறீங்கன்னுதான் உக்காந்திருந்தேன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கும் ஒண்ணு தெரிஞ்சாகணும். மறைக்காமச் சொல்லு. கல்யாணத்துக்கப்புறம் ஒங்கப்பா எங்க வீட்டுக்கு அடிக்கடி வருவாரா?"

நாள் முழுக்க அடக்கி வைத்த சிரிப்பு மொத்தமும் அந்தக் கூடத்தில் வெடித்தது. சாமிதான் முதலில் ஆரம்பித்தார். செவந்தியும் சிரித்துவிட்டாள். சிரிப்புக்கு நடுவே, "வ... வ... வருவாரு மாமா" என்றாள்.

"சரி, வரட்டும். அந்த நேரம் நான் வயக்காட்டுப் பக்கம் போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த தட்டை அவரே வாங்கிக்கொண்டார். "என்ன சம்பந்தி, நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

நான் வாயைத் திறந்தேன். ஏழு பதிலும் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அழகம்மாள் பதறிப்போய் ஓடிவந்து என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.